கொக்கோ விதையைப் புளிக்கவைத்து வெட்டிப் பார்த்தல்: வீட்டிலேயே ஓர் ஆய்வு

சொக்லேட் மணம் வறுக்கும்போதுதான் எழும். ஆனால் அந்த மணத்துக்கு வேண்டிய அமினோ அமிலங்களும் வெல்லங்களும் விதைக்குள் உருவாவது அதற்கு முன்னைய ஐந்தாறு நாள் புளிப்பில். புளிக்காத விதையை எப்படி வறுத்தாலும் கசப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். உயர்தர உயிரியல் படிக்கும் மாணவர்கூட இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம்.

திருகோணமலையில் கொக்கோத் தோட்டம் இல்லை. மாத்தளைப் பக்கமிருந்து பழுத்த காய்களை எடுப்பியுங்கள். உடைக்காத காய் நாலைந்து நாள் தாங்கும், பயணத்தால் கெடாது. மாரி காலத்தில் தொடங்க வேண்டாம், காயவைக்க வெயில் கிடைக்காது.

தேவையானவை

ஏறத்தாழ 50 காய்கள் (ஈர விதை 5 கிலோ அளவில் கிடைக்கும்), 10 லீட்டர் ரெஜிபோம் பெட்டி, வாழையிலை, குத்தி அளக்கும் வெப்பமானி, பனையோலைப் பாய், தராசு. பெட்டி புதியதாக இருக்கட்டும். மீன் வைத்த பெட்டியை எவ்வளவு கழுவினாலும் சரிவராது. உலர்ந்த கொக்கோப் பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு, அது அயல் வாடையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். இதே காரணத்தால் கருவாடு காயும் முற்றத்திலும் விதையைப் பரப்பக்கூடாது.

உடைத்தல்

கத்தியால் வெட்டினால் விதையும் வெட்டுப்படும், கட்டையால் தட்டி உடையுங்கள். முளைத்தவை, கறுத்தவை, நடுத்தண்டு எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒரு விதையை நறுக்கிப் பாருங்கள்: உள்ளே ஊதா நிறம் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அது கிரியோல்லோ வகை. இரண்டு மூன்று நாளிலேயே புளித்துவிடும், நிறச் சோதனைக்கும் உதவாது. அதைத் தனியே வையுங்கள்.

30 விதைகளைச் சதை போகக் கழுவி, புளிக்கவைக்காமல் நேரே காயவையுங்கள். ஒப்பிட இவை கட்டாயம் வேண்டும்.

புளிக்கவைத்தல்

பெட்டியின் அடியில் பென்சில் பருமனில் ஆறேழு துளையிட்டு, வாழையிலை விரித்து, விதையை வெள்ளைச் சதையோடு நிரப்பி, மேலும் இலையால் மூடுங்கள். முதல் 48 மணி நேரம் கிளற வேண்டாம். காற்றில்லாத அந்த நேரத்தில் மதுவங்கள் சதையின் வெல்லத்தை எதனோலாக்கும். கள்ளு மணம் வரும், துளையால் நீர் வடியும்.

48 மணி நேரத்தில் கிளறுங்கள், பிறகு நாளுக்கு ஒரு தடவை. காற்றுப் பட்டதும் அசற்றிக் அமில பற்றீரியாக்கள் எதனோலை அசற்றிக் அமிலமாக்கும். அந்தத் தாக்கம் வெப்பத்தை வெளிவிடுவதால் நடுப்பகுதி 45 முதல் 50 பாகை செல்சியஸுக்கு ஏற வேண்டும். வெப்பமும் அமிலமும் சேர்ந்து முளையைக் கொல்லும். கலச்சுவர்கள் குலைந்து, விதையின் நொதியங்கள் சேமிப்புப் புரதத்தை உடைக்கத் தொடங்கும். இந்த ஆய்வின் உயிர்நாடி இந்த இடம்தான்.

சிறு அளவில் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் பிழை நேர்வதும் இங்கேதான். தோட்டங்களில் நூற்றுக்கணக்கான கிலோ ஒன்றாகக் கிடப்பதால் சூடு தங்கும்; 5 கிலோவில் தங்காது. மூன்றாம் நாள் 40 பாகையைத் தாண்டவில்லையென்றால், சுடுநீர் நிரப்பிய போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, ஆற ஆற மாற்றுங்கள். தினமும் அதே நேரத்தில் வெப்பநிலையைக் குறித்து, பத்து விதைகளை எடுத்துத் தனித்தனியே காயவையுங்கள்.

ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் நிறுத்துங்கள். வினாகிரி மணம் தணிந்து அமோனியா நெடி வந்தால் எல்லை தாண்டிவிட்டது. இனி வளர்பவை அழுகச்செய்யும் பற்றீரியாக்களும் பூஞ்சணமும்.

காயவைத்தல்

கச்சான் காற்றும் உச்சி வெயிலும் சேர்ந்தால் ஓடு இரண்டே நாளில் இறுகி, அசற்றிக் அமிலமும் ஈரமும் உள்ளே அடைபட்டுவிடும். முதல் இரண்டு நாளும் காலை வெயில் மட்டும் போதும்: நாலு சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பி அடிக்கடி கிளறுங்கள். பிறகு மெல்லியதாகப் பரப்பலாம். பனிக்கு முன் உள்ளே எடுங்கள். மொத்தம் ஏறத்தாழ ஒரு வாரம். இலக்கு 7 சதவீத ஈரம்; 8ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பிடி அள்ளி நெரித்தால் சலசலக்க வேண்டும், ஓடு விரலால் நொறுங்க வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் கனலடுப்பு இருந்தால், நொறுக்கிய மாதிரியை 103 பாகையில் 16 மணி நேரம் வைத்து எடை இழப்பைக் கணக்கிடுங்கள்.

வெட்டிப் பார்த்தல்

முறையான சோதனைக்கு 300 விதைகள். இங்கே 100 போதும். கூரான பாக்குவெட்டியால் நெடுக்காக இரு பாதியாக வெட்டி, பகல் வெளிச்சத்தில் வரிசையாக அடுக்குங்கள். ஒரு விதையில் இரு குறை தெரிந்தால் பெரியதை மட்டும் எண்ணுங்கள்.

கபிலமாகி, உள்ளே மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தால் நன்றாகப் புளித்தது. அந்தோசயனின் சிதைந்ததால் ஊதா போயிருக்கிறது. முழுதும் ஊதாவானால் புளிப்பு குறை. சாம்பல் நிறத்தில், ரப்பர்போல் இறுகியிருந்தால் சிலேட்டு விதை: கழுவிக் காயவைத்த அந்த 30இல் இது பளிச்சென்று தெரியும். நாள்வாரியாக எடுத்த பத்துப் பத்து விதைகளையும் வெட்டி இடமிருந்து வலமாக வைத்தால் நிறம் மாறும் ஒழுங்கு கண்முன் நிற்கும்.

கொக்கோ விதைக்கான ஐஎஸ்ஓ 2451 என்னும் சர்வதேச நியமத்தில் முதல் தரத்துக்குப் பூஞ்சண விதை 3 சதவீதத்தையும், சிலேட்டு விதை 3 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. உங்கள் நூறில் சிலேட்டு கூடினால் வெப்பநிலைக் குறிப்பைப் பாருங்கள், சூடு ஏறாத நாள் அங்கே இருக்கும். நிறம் சரியாக இருந்தும் வினாகிரி நெடி அடித்தால் பிழை காயவைத்ததில். உள்ளே பூஞ்சணம் கண்ட விதைகளில் ஒக்ராடொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு இருக்கக்கூடும். அவற்றை வறுத்தும் சுவைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள்.