கோடை விடுமுறையில் சில்லறை வேலைகள்: சென்னையில் தங்கிச் சமாளிக்கும் முறை

சென்னையில் முதுகலையோ ஆய்வுப் படிப்போ மேற்கொண்டிருக்கும் மாணவர், மே மாதத்தில் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்குவதென்று முடிவெடுத்தால், எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதைவிடச் சம்பாதித்த பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதையே முதலில் கணக்கிட வேண்டும். விடுதி மெஸ்ஸை மூடிவிட்டால், தனியாட்கள் தங்கும் திருவல்லிக்கேணி மேன்சன் அறையின் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அன்றைக்கே முன்னால் வந்து நிற்கும். படிப்புக்கு ஏற்ற வேலைகளோ பெரும்பாலும் மாதம் கழித்தே பணம் தருபவை. ஆகவே அன்றாடக் கூலி கிடைக்கும் வேலை ஒன்றையும், தாமதமாகப் பணம் வரும் வேலை ஒன்றையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும்.

உதவித்தொகை பெறும் முழுநேர ஆய்வாளர்கள், வேறு ஊதியப் பணி ஏற்கலாமா என்பதை நியமன ஆணையின் நிபந்தனைகளில் பார்த்து, நெறியாளரிடமும் கேட்டுக்கொள்வது அவசியம். 2023 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய் உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளருக்கு (ஜே.ஆர்.எஃப்.) இந்தக் கவலை குறைவு. உதவித்தொகை ஏதுமில்லாத முதுகலை மாணவருக்கே இக்குறிப்புகள் அதிகம் உதவும்.

அன்றாடக் கூலிக்குக் கல்யாணப் பந்தியே நல்ல வழி. சித்திரையிலும் வைகாசியிலும் முகூர்த்தங்கள் நெருங்கி வருவதால், கேட்டரிங் ஒப்பந்தக்காரர்களுக்குப் பரிமாற ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆடி பிறந்ததும் அத்தேவை அடங்கிவிடும் என்பதால் ஆனிக்குள் சம்பாதிப்பதுதான் கணக்கு. நாளிதழ் விளம்பரத்தைத் தேடுவதைவிட, ஏற்கெனவே இதற்குப் போய்வரும் விடுதி நண்பர் மூலம் ஒரு சூப்பர்வைசரின் அறிமுகத்தைப் பெறுவது விரைவில் பலிக்கும். கூலி ஒரு வேளைக்கா, ஒரு நாளைக்கா, முகூர்த்தச் சிற்றுண்டிக்காக விடியற்காலையே வர வேண்டுமா, அன்றிரவே பணம் தருவார்களா என்பவற்றை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். வரவேற்புப் பந்தி முடிந்து பாத்திரங்களை எண்ணி ஒப்படைக்கும்போது மின்சார ரயிலும் பேருந்தும் நின்றுபோயிருக்கலாம். அங்கிருந்து ஆட்டோவில் திரும்பினால் கூலியில் பெரும்பகுதி அதற்கே போய்விடும் என்பதால், இரவு வேலைக்கு அறைக்கு அருகிலுள்ள மண்டபங்களை மட்டுமே ஒப்புக்கொள்வது நல்லது. சாப்பாடு அங்கேயே கிடைத்துவிடுவதையும் வருமானமாகவே எண்ணலாம். வடை பாயசத்தோடு மெஸ் எந்தக் காலத்தில் போட்டது!

மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியானதும் டியூஷனுக்கு ஒரு குறுகிய பருவம் பிறக்கிறது. துணைத்தேர்வு எழுதவிருக்கும் மாணவரின் வீட்டார், ஓரிரு பாடங்களை மட்டும் சில வாரங்களுக்குள் சொல்லிக்கொடுக்கும் ஆளையே தேடுவார்கள். ஆகவே மாதச் சம்பளம் பேசாமல், தேர்வு வரைக்கும் இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, பாதியை முதல் நாளே வாங்கிக்கொள்ளலாம். தேர்ச்சிக்கு உத்தரவாதம் மட்டும் தர வேண்டாம்.

தாமதமாகப் பணம் தருபவற்றில் மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பு, நேர்காணல் ஒலிப்பதிவை எழுத்தாக்குதல் ஆகியவை அடங்கும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியையொட்டி நடப்பதால் இலக்கியப் பதிப்பகங்களில் இப்போது நெருக்கடி இராது. பள்ளிகள் திறக்கும் வேளையை எதிர்நோக்கும் கைடு பதிப்பகங்களை அணுகுவதே பயன் தரும். ஆய்வு மாணவருக்கே உரிய இன்னொரு வேலையும் உண்டு: வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள ஆய்வாளர்களுக்காக, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ எழும்பூர் கன்னிமாராவிலோ பழைய இதழ்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துத் தருதல். இதற்கு நெறியாளரின் பரிந்துரை போதும். பக்கத்துக்கா, சொல்லுக்கா, மணிக்கா கூலி என்பதையும், பணம் தரும் தேதியையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகே தொடங்க வேண்டும். மேன்சன் அறையின் புழுக்கத்தில் திருத்தினால் பிழைகள் கண்ணில் படாமல் போகும். 2010-ல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்போருக்கென்றே தனிப் பகுதி உள்ளது.

உணவு விநியோகம், சொந்த வண்டியும் உரிமமும் உள்ளவருக்கு மட்டுமே ஏற்றது. பெட்ரோலையும் வண்டித் தேய்மானத்தையும் கழித்துப் பார்க்காமல் அதில் இறங்கக் கூடாது. அக்னி நட்சத்திர நாட்களில் நண்பகலை விட்டுவிட்டு இரவு நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று சொல்லி முன்பணம் கேட்பவர் யாராயினும் ஏமாற்றுக்காரரே. பணம் பறிபோய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் அளிக்க வேண்டும். அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்கலாகாது; நகல் போதாது என்பவரின் வேலையே வேண்டாம். மொழிபெயர்ப்புக் கூலியில் நிறுவனம் வரி பிடித்திருந்தால், பான் எண்ணை ஒட்டி அத்தொகை பதிவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் சரிபார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருப்பவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.