ஹரிகேன் எஞ்சின் வெடிக்கிறதா? கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்

பழைய பெட்ரோல் வண்டி 'டப்' என்று வெடித்தவுடன் பலருடைய கையும் முதலில் போகும் இடம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகு. அது வெளியே தெரிகிறது, ஒரு ஸ்குரூ டிரைவர் போதும், திருப்பினால் சத்தமும் மாறுகிறது. ஆனால் கடைசியாகத் தொட வேண்டிய இடம் அதுதான். பற்றவைப்பில் உள்ள பழுதைப் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைத்து மறைக்கப் போனால், இருந்த ஒரு பழுது இரண்டாகும்.

நான் எடுத்துக்கொள்வது ஹரிகேன் எஃப்-134 எஞ்சின். வில்லிஸ் பிக்கப் டிரக்கிலும் சி.ஜே.3பி ஜீப்பிலும் வந்தது. மகிந்திராவின் பெட்ரோல் ஜீப்புகள் வழியாக நம் மலைச்சாலைகளுக்கு நன்கு பழக்கமானது. நான்கு சிலிண்டர், சுமார் 2,200 சி.சி. கலவை உள்ளே வரும் இன்டேக் வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கின்றன, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுகள் கீழே பிளாக்கில் இருக்கின்றன. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். எஞ்சின் ஓடும்போதோ ஸ்டார்ட் செய்யும்போதோ கார்புரேட்டர் வாய்க்குள் ஒருபோதும் குனிந்து பார்க்காதீர்கள். பின்னோக்கி வரும் தீச்சுடரைத் தடுப்பதில் ஏர் கிளீனருக்கும் பங்கு உண்டு. அதைக் கழற்றிவிட்டு வாய்க்குள் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் முகத்தைக் கருக்கிவிடும்.

படி 1: எந்தப் பக்கம் வெடிக்கிறது?

கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறதா, சைலன்சரில் வெடிக்கிறதா என்று முதலில் காதால் பிரித்தறியுங்கள். கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு மூடுவதற்குள் உள்ளே தீ இருக்கிறது என்று பொருள்: பெட்ரோல் போதாத கலவை மெதுவாக எரிகிறது, அல்லது டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) தவறு, அல்லது இன்டேக் வால்வு சரியாக மூடவில்லை. சைலன்சர் பக்கம் என்றால் எரியாத பெட்ரோல் வெளியே போய் அங்கே பற்றுகிறது. ஏதோ ஒரு பிளக் தவறவிடுகிறது, அல்லது பெட்ரோல் அதிகம். ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போது மட்டும் வெடித்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்கிலோ சைலன்சர் இணைப்பிலோ காற்று நுழைகிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டையை அடைத்தாலே பல வண்டிகளில் வேலை முடிந்துவிடும்.

படி 2: வால்வு இடைவெளி

ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஒரே தாளத்தில் 'டப்... டப்...' என்று தும்மினால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஆறிய நிலையில் இன்டேக் வால்வுக்கு 0.018 அங்குலம், எக்ஸாஸ்டுக்கு 0.016 அங்குலம் இடைவெளி வேண்டும். இன்டேக்கை மேலே ராக்கர் மூடியைத் திறந்தும், எக்ஸாஸ்டை பிளாக்கின் பக்கவாட்டு மூடியைத் திறந்தும் அளக்க வேண்டும். இரண்டாவது சிரமமான இடம் என்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். இடைவெளி இறுகிப்போன வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். அதன்பின் எந்தத் திருகும் உதவாது. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (உள்ளே உருவாகும் அழுத்தம்) அளந்து, ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள்.

படி 3: தீப்பொறி

இங்கேதான் பொறுமை வேண்டும், ஏனென்றால் பழுது பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிளக் வயர்களின் வரிசை 1-3-4-2. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றி, உள்ளே சுழலும் ரோட்டார் எந்தத் திசையில் திரும்புகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டு வயர்களை எண்ணுங்கள். யாரோ சொன்ன திசையை நம்ப வேண்டாம். மூடியின் உள்புறத்தில் மயிரிழை போன்ற கருங்கோடு தெரிந்தால் மின்சாரம் அதன் வழியே தவறான பிளக்கிற்குத் தாவுகிறது. அந்த மூடியை மாற்றத்தான் வேண்டும்.

பிளக் இடைவெளி 0.030 அங்குலம். பாயின்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை; அதன் இடைவெளி, ஆட்டோலைட் டிஸ்ட்ரிபியூட்டரில், 0.020 அங்குலம். கேமின் முனை பாயின்டை முழுதாகத் திறந்து நிற்கும் நிலையில் ஃபில்லர் கேஜை நுழைத்து அளக்க வேண்டும். பாயின்ட் முகங்களில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால், பாயின்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

கண்டென்சரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது என் ஜீப் அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு வெடிக்கத் தொடங்கும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் மீண்டும் ஒழுங்காக ஓடும். பெட்ரோல் சூடாகிக் குழாயில் ஆவியாகிறது என்று எண்ணி கார்புரேட்டரை இருமுறை கழற்றிக் கழுவினேன். குற்றம் கண்டென்சரில் இருந்தது. சூடானால் மட்டும் செயலிழந்தது. சூட்டில் வந்து ஆறினால் மறையும் பழுது என்றால், முதலில் கண்டென்சரையும், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலையும் மாற்றிப் பாருங்கள்.

படி 4: டைமிங்

பாயின்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். எனவே இந்த வேலை எப்போதும் பாயின்டுக்குப் பிறகுதான். பிளக்குகளைக் கழற்றுங்கள். முதல் சிலிண்டர் துளையைக் கட்டைவிரலால் மூடி, கைப்பிடியைச் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளும்போது அது கம்ப்ரஷனுக்கு வருகிறது. மெதுவாகச் சுற்றி, பிஸ்டனின் மேல்முனைக்கு 5 டிகிரி முன்னால் டைமிங் குறியை நிறுத்துங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் முனைக்கும் பாடிக்கும் இடையே, பேட்டரிக்கு ஏற்ற சிறு பல்பு ஒன்றை இணைத்து இக்னிஷனைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் இறுக்கியைத் தளர்த்தி, ரோட்டார் சுற்றும் திசையிலேயே சற்றுத் திருப்பினால் பல்பு அணையும். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு எரியும் அந்தக் கணத்தில் நிறுத்தி இறுக்குங்கள். உடனே இக்னிஷனை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் காயில் சூடாகும்.

படி 5: திருட்டுக் காற்று

இந்த எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு தனித் துண்டு அல்ல, ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. ஆகவே மற்ற எஞ்சின்களில் வழக்கமாகக் கசியும் மேனிஃபோல்டு பேக்கிங் இங்கே இல்லை. காற்று நுழையும் இடங்கள் வேறு: கார்புரேட்டருக்கு அடியில் உள்ள பேக்கிங், தேய்ந்த திராட்டில் ஷாஃப்ட், வேக்குவத்தால் இயங்கும் வைப்பரின் ரப்பர் ஹோஸ். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது இந்த இடங்களில் தண்ணீரை மெல்லிய துளியாகப் பீச்சுங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். இதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்துவோர் உண்டு. சூடான எக்ஸாஸ்டுக்கு அருகே அதைச் செய்யாதீர்கள்.

இன்டேக்கில் உள்ள உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. சமவெளியில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை அசையாமல் காட்டும். உயரம் 300 மீட்டர் கூடக்கூட ஓர் அங்குலம் குறையும். குன்னூரில் ஆறு அங்குலம் குறைந்து காட்டினால் எஞ்சினில் பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

படி 6: இப்போது கார்புரேட்டர்

முதலில் பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். இன்று விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர் ஹோஸ்களையும் டயஃப்ரம்களையும் கெடுக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை) கலவையும் சற்று மெலிகிறது. பழைய அளவிலேயே ஜெட் வைத்திருக்கும் வண்டி புதிதாகத் தும்மத் தொடங்கினால் இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று மிதிக்கும்போது மட்டும் தும்மினால் ஆக்ஸிலேட்டர் பம்பைச் சோதியுங்கள். எஞ்சினை அணைத்து, இக்னிஷனையும் அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, திராட்டிலைக் கையால் திறந்தால் உள்ளே பெட்ரோல் தாரை உடனே பீச்ச வேண்டும். கார்ட்டர் ஒய்.எஃப். கார்புரேட்டரில் இந்த வேலையை ஒரு டயஃப்ரம் செய்கிறது. தாரை தாமதமாக வந்தாலோ வராவிட்டாலோ அந்த டயஃப்ரமை மாற்றுங்கள்.

இனி திருகு. எஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். சோக் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஐடில் வேகம் நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு அருகில் இருக்கட்டும். மிக்ஸர் திருகை மென்மையாக முட்டும் வரை உள்ளே திருப்பி, ஒரு சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். இறுக்கி முட்டவைத்தால் ஊசிமுனை பள்ளமாகித் திருகு வீணாகும். பிறகு கால் சுற்று கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள், எஞ்சின் தடுமாறும். வெளியே திருப்புங்கள், வேகம் ஏறி, ஓரிடத்தில் மிகவும் சீராகும், அதையும் தாண்டினால் கனத்து உறுமும். சீரான இடத்திலிருந்து சற்றே உள்ளே வந்து நிறுத்துங்கள். வேகத்தை மீண்டும் 600-க்குக் கொண்டுவந்து, இதே வேலையை இன்னொரு முறை செய்யுங்கள்.

திருகை எவ்வளவு திருப்பியும் எந்த மாற்றமும் இல்லையா? ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது வேகத் திருகு அளவுக்கு மேல் திறந்திருக்கிறது, அல்லது படி 5-இல் ஓர் ஓட்டையைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

கடைசியாக, ஒரு நல்ல ஏற்றத்தில் பத்து நிமிடம் ஓட்டி, மேலே ஏறியவுடன் எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் சரி. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம். நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் கார்புரேட்டரை விட்டுவிட்டு, அந்தச் சிலிண்டரின் பிளக் வயரையும் வால்வையும் மறுபடி சோதியுங்கள்.