நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளுக்கு வீட்டிலிருந்தே தயார்ப்படுத்துதல்

பள்ளி நுழைவுத் தேர்வு என்றதும் பெற்றோர் பலர் முதலில் செய்வது, தடித்த இலக்கணப் புத்தகம் ஒன்றையும் ஆயிரம் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றையும் வாங்கிப் பிள்ளையின் மேசையில் வைப்பதுதான். அந்தப் பணத்தைச் சில நாட்கள் கையிலேயே வைத்திருங்கள். சேர விரும்பும் பள்ளியின் பழைய வினாத்தாளோ மாதிரித் தாளோ கிடைத்தால், அதை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பிள்ளை ஒருமுறை எழுதட்டும். பிறகு மதிப்பெண்ணைக் கூட்டுவதை விட்டுவிட்டு, தவறான ஒவ்வொரு விடைக்கும் காரணம் தேடுங்கள். சொல்லின் பொருள் தெரியவில்லையா, பொருள் தெரிந்தும் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதா, விடை தெரிந்தும் எழுதத் தெரியவில்லையா என்பது பிள்ளையுடன் அமர்ந்து பேசினால்தான் தெரியும். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கேள்வியை அவசரமாகப் படிக்கும் பிள்ளைக்குச் சொற்பட்டியல் எந்த உதவியும் செய்யாது.

இத்தகைய தேர்வுகளில் பொதுவாக ஒரு பத்தியைப் படித்து விடை எழுதும் பகுதியே மிகுந்த கவனத்தைக் கேட்கும். நீங்களும் அதிக நேரத்தை அதற்கே கொடுக்கலாம். நாள்தோறும் இருபது நிமிடம் பிள்ளையுடன் சேர்ந்து ஆங்கிலம் வாசியுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேல் தெரியாத சொற்கள் வந்தால், அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம் என்று வைத்துக்கொண்டு எளிதான ஒன்றுக்கு மாறுவதில் தவறில்லை. ஒரு பத்தியை நீங்கள் உரக்க வாசித்தால் அடுத்ததைப் பிள்ளை வாசிக்கட்டும். உங்கள் உச்சரிப்பு சரியாக இருக்குமா என்ற தயக்கம் இருந்தால், ஒலிப்புத்தகத்தை ஓடவிட்டு இருவரும் வரிகளைப் பின்தொடரலாம்.

வாசித்து முடித்தபின் என்ன கேட்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான பயன் இருக்கிறது. "என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையும் விடை சொல்லிவிடும். தேர்வு கேட்பதோ, எழுத்தாளர் வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டதை. எடுத்துக்காட்டாக, "விருந்தினர் கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றபடியே பேசினார்" என்ற பொருளில் ஒரு வரி வந்தால், அவருக்கு அங்கே தங்க விருப்பமில்லை அல்லது நேரமில்லை என்பதைப் பிள்ளை உய்த்துணர வேண்டும். "உனக்கு எப்படித் தெரிந்தது? எந்தச் சொல் அதைக் காட்டியது? அந்த இடத்தில் விரலை வை" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். சான்றைத் தொட்டுக் காட்டும் பழக்கம் வந்துவிட்டால், தேர்வில் ஊகத்தை மட்டும் எழுதிவிட்டு மதிப்பெண் இழப்பது வெகுவாகக் குறையும்.

இந்த உரையாடல் தமிழில் நடந்தால் பயன் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஒரு கதைமாந்தரின் மனநிலையை ஆராய்ந்து பேசும் திறன் ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று. தமிழில் தெளிவாகச் சிந்தித்ததை அடுத்த படியாக இரண்டு ஆங்கில வாக்கியங்களில் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவதைவிட இது பிள்ளைக்கு மிகுந்த நன்மை தரும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இலக்கணத்திலும் தமிழ் அறிவு கைகொடுக்கும். தமிழ் பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பல, தமிழின் அமைப்பிலிருந்தே வருகின்றன என்பதால் அவற்றை முன்கூட்டியே எதிர்பார்க்க முடியும். 'எ', 'தி' என்னும் முன்னொட்டுச் சொற்கள் தமிழில் இல்லை. ஆகவே பிள்ளை அவற்றை விட்டுவிடும், அல்லது கண்ட இடத்தில் போடும். ஆனால் அந்த வேறுபாடு நமக்கு முற்றிலும் அந்நியமன்று. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த குறிப்பிட்ட புத்தகம். முதலாவதற்கு ஆங்கிலத்தில் 'எ புக்', இரண்டாவதற்கு 'தி புக்' என்று காட்டினால், பல பக்க விதிகள் விளக்காததைப் பிள்ளை ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு, 'எ' வருமா 'ஆன்' வருமா என்பதை எழுத்து அன்றி ஒலியே முடிவுசெய்கிறது என்பதைச் சொல்லிக்கொடுங்கள்: 'ஆன் ஹவர்', ஆனால் 'எ யூனிவர்சிட்டி'.

"இரண்டு ஆண்டுகளாகப் படிக்கிறேன்" என்பதை அப்படியே மாற்றி 'ஐ ஆம் ஸ்டடியிங் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. 'ஐ ஹாவ் பீன் ஸ்டடியிங் ஃபார் டூ இயர்ஸ்' என்பதே சரி. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பதன் 'பற்றி' உள்ளே புகுந்து 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' சேர்ந்துவிடுவதும், 'ஹீ', 'ஷீ' ஆகியவற்றுக்குப் பின் நிகழ்கால வினையில் 'எஸ்' விடுபட்டுப்போவதும் கவனிக்க வேண்டியவை. இவற்றுக்குத் தனி நோட்டு ஒன்று வைத்து, இடப்பக்கத்தில் பிள்ளை எழுதிய வாக்கியத்தையும் வலப்பக்கத்தில் திருத்திய வடிவத்தையும் பிள்ளையே எழுதட்டும். கடையில் வாங்கும் எந்தப் பயிற்சிப் புத்தகமும் உங்கள் பிள்ளைக்கென்றே எழுதப்பட்ட இந்த நோட்டுக்கு ஈடாகாது.

சொல்வளத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். அவை அன்று வாசித்த பக்கத்திலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். கற்றது எவ்வளவு விரைவாக நினைவிலிருந்து நழுவுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். ஒரே நாளில் நூறு முறை எழுதுவதைவிட, இடைவெளி விட்டு மீண்டும் நினைவுகூர்வதே நிலைக்கும் என்பது பின்வந்த ஆய்வுகளாலும் உறுதிப்பட்டிருக்கிறது. ஆகவே அட்டையின் ஒரு பக்கம் சொல்லும், மறுபக்கம் பொருளும் ஒரு வாக்கியமுமாக எழுதி, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று கேளுங்கள். தவறினால் அட்டை முதல் நாளுக்குத் திரும்பட்டும். 'போர்ட்' என்ற லத்தீன் வேருக்குச் 'சுமத்தல்' என்று பொருள் என்பது தெரிந்த பிள்ளை, 'எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்', 'டிரான்ஸ்போர்ட்', 'போர்ட்டபிள்' ஆகிய நான்கையும் ஒரே நூலில் கோத்துக்கொள்ளும். ஒரே பொருளுடைய சொற்களைக் கற்பிக்கும்போது அவற்றின் தொனியையும் சொல்லுங்கள்: 'ஸ்லிம்' பாராட்டு, 'ஸ்கின்னி' பெரும்பாலும் குறை.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒன்று மட்டும். ஒலிக்கும் எழுத்துக்கும் பொருந்தாமை பிள்ளையின் குற்றமன்று. 'டெட்' என்ற கடனைக் குறிக்கும் சொல்லில் ஒலிக்காத 'பி', அதன் லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் செருகப்பட்டது. இத்தகைய வரலாறுகளைக் கேட்ட பிள்ளை அந்தச் சொல்லை எளிதில் மறப்பதில்லை.

கட்டுரை அல்லது கதை எழுதும் பகுதிக்கு மனப்பாடம் வேண்டாம். பிறர் எழுதியதை ஒப்பிப்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். தலைப்பு சற்று மாறினாலும் பிள்ளை திகைத்து நிற்கும். அரை மணி நேரம் கொடுக்கப்பட்டால், ஐந்து நிமிடம் திட்டமிடவும் இருபது நிமிடம் எழுதவும் கடைசி ஐந்து நிமிடம் பிழை பார்க்கவும் பழக்குங்கள். வாரத்துக்கு ஒரு கட்டுரை போதும். அதைத் திருத்தும்போது சிவப்பு மையால் பக்கத்தை நிரப்பாமல், நன்றாக வந்த ஒரு வாக்கியத்தை முதலில் உரக்க வாசித்துக் காட்டி, இரண்டு பிழைகளை மட்டும் எடுத்துப் பேசி, அந்தப் பத்தியை மறுபடி எழுதச் சொல்லுங்கள். பத்துப் பிழைகளை ஒரே மாலையில் கேட்ட பிள்ளை, அடுத்த வாரம் பிழை வராத சிறு வாக்கியங்களுக்குள் ஒளிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த அச்சத்தைப் போக்கப் பல மாதங்கள் ஆகின்றன.

கடிகாரத்தைத் தேர்வுக்கு ஆறு அல்லது எட்டு வாரங்கள் இருக்கும்போது மேசைக்குக் கொண்டுவந்தால் போதும். முழுத் தாளையும் உரிய நேரத்தில் வாரம் ஒருமுறை எழுதட்டும். சிக்கிய கேள்வியில் ஒரு குறியிட்டுவிட்டு நகர்ந்து, பின்னர் திரும்பி வரும் பழக்கத்தை அப்போது கற்றுக்கொடுங்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று நாட்களில் புதிய சொல்லோ புதிய தாளோ வேண்டாம். பிழை நோட்டின் வலப்பக்கத்தை மட்டும் பிள்ளை ஒருமுறை வாசித்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு உறங்கச் செல்லட்டும்.