முதிரைக் கட்டிலுக்கு ஒரு துண்டுப் போர்வை

எங்கள் அம்மா படுக்கும் கட்டில் முதிரைப் பலகையில் செய்தது. ஊர்த் தச்சாசாரியார் வந்து அறையை அளந்து, கதவு திறக்க இடம் விட்டு, மிச்சத்துக்கு அடித்துத் தந்த கட்டில். அகலம் 51 அங்குலம், நீளம் 75. மெத்தையும் அதே அளவுக்கு வெட்டுவித்ததுதான். கடைப் போர்வை எதுவும் அதற்குச் சரிவராது. ஒற்றைக் கட்டிலுக்கானதைப் போட்டால், புரண்டு படுக்கும்போது முதுகு வெளியே நிற்கும். பெரியதைப் போட்டால் நிலத்தில் இழுபடும், நுளம்பு வலையைச் செருகவும் விடாது. போன மார்கழியில் ஒருநாள், "பிள்ளை, விடியப்புறம் கால் விறைக்குது" என்றா அம்மா. அதற்குப் பிறகுதான், துண்டுத்துணிகளை மூட்டி ஒரு போர்வை தைப்பது என்று அளவு ரேப்பை எடுத்துக்கொண்டு அவவின் அறைக்குள் போனேன்.

முல்லைத்தீவில், முள்ளியவளையில் வீட்டோடு சேர்த்து ஒரு சின்னத் தையல்கடை வைத்திருக்கிறேன். துண்டுத்துணிக்குக் குறைவில்லை. ஆனால் துண்டு இருக்கிறது என்பதற்காக உடனே தைக்கத் தொடங்காதீர்கள். போர்வையில் பிழைபடுவது பெரும்பாலும் அளவுதான். நிறத்தில் சறுக்கினால் கண் பழகிவிடும். அளவில் சறுக்கினால் ஒவ்வொரு இரவும் இழுத்து இழுத்துப் போர்க்க வேண்டும்.

கட்டிலை அளக்கும்போது ஆளையும் சேர்த்து அளக்க வேண்டும். அம்மாவைப் படுக்கச் சொல்லி, மெத்தையின் ஒரு ஓரத்திலிருந்து உடம்புக்கு மேலாக மறு ஓரம் வரை ரேப்பைத் தளர்வாக ஓட்டிப் பார்த்தேன். வெறும் மெத்தை 51 அங்குலம், ஆள் படுத்தபிறகு ஏறக்குறைய 58. முழங்காலை மடக்கினால் இன்னும் கூடும். அதனால் மெத்தையின் 51 உடன் இரண்டு பக்கமும் 7½ அங்குலம் விட்டு அகலத்தை 66 ஆக்கினேன். அதற்கு மேல் வேண்டாம் என்று நினைத்ததற்குக் காரணம் வலை. வன்னியில் வலை இல்லாமல் யார் படுக்கிறோம்? வலையை மெத்தைக்குக் கீழே செருகினால் போர்வை வலைக்குள்ளேதான் இருக்க வேண்டும். தொங்கலாக விட்ட போர்வை வலையை வெளியே தள்ளும், அந்த இடுக்கால் நுளம்பு வரும். நீளத்தைக் கழுத்திலிருந்து கணக்குப் பார்த்தேன். 75 இல் தலையணைக்கு 8 போக 67. கால்மாட்டில் மடித்துச் செருக 13. எல்லாமாக 80.

இனிக் கட்டங்கள். 66 ஐயும் 80 ஐயும் ஒரே சதுரத்தால் மிச்சமில்லாமல் பிரிக்கப் பார்த்து மண்டையை உடைக்க வேண்டாம். அளவுக்குக் கிட்ட வரும் சதுரத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கரைப்பட்டியால் நிரப்பலாம். 7 அங்குலச் சதுரம் எடுத்தேன். அகலத்துக்கு 9 வைத்தால் 63, நீளத்துக்கு 11 வைத்தால் 77. இரண்டிலும் 3 அங்குலம் குறைகிறது. சுற்றிவர 1½ அங்குலக் கரை போட்டால் சரி. மொத்தம் 99 சதுரம். இரண்டும் ஒற்றை எண்ணாக வந்தது எனக்கு நல்ல வசதி. கடும் நிறமும் வெளிர் நிறமும் மாறி மாறி வைத்தால் நாலு மூலையிலும் ஒரே வகை விழும். மூலையைப் பிடித்துத்தான் இழுப்போம், அழுக்கும் அங்கேதான் முதலில் பிடிக்கும். ஆகவே மூலைக்குக் கடும் நிறம்: கடும் நிறத்தில் 50, வெளிர் நிறத்தில் 49.

துணி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. பருத்தி என்றால் எல்லாம் பருத்தியாகவே இருக்கட்டும். முதன்முதலில் நான் தைத்த போர்வையில் பளபளப்பாக இருக்கிறதே என்று நைலக்ஸ் என்ற நைலோன் துணித் துண்டுகளையும் சேர்த்துவிட்டேன். இரண்டு தரம் கழுவியதும் பருத்திச் சதுரம் சுருங்க, நைலக்ஸ் சுருங்காமல் நிற்க, போர்வை முழுக்க அப்பளம் பொரிந்த மாதிரி எழும்பிவிட்டது. அதைப் பிரித்து எடுக்கவும் மனம் வரவில்லை, போர்க்கவும் முடியவில்லை. புதுத் துணியாக இருந்தால் வெட்டுமுன் கழுவிக் காயவையுங்கள். சிவப்பு, கருநீலம் போன்றவற்றை நனைத்து ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். தெளியவே இல்லையா, அந்தத் துண்டை எடுக்காதீர்கள்.

வெளிர் சதுரங்களுக்கு எனக்குப் பள்ளிக்கூட வெள்ளை கைகொடுத்தது. பிள்ளைகளுக்கு அரசாங்கம் வருடாவருடம் கொடுக்கும் சீருடைத் துணியைத் தைக்கத் தருவார்கள். வெட்டியதில் மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்தாலும், பல தாய்மார் "நீங்களே வைச்சிருங்கோ அக்கா" என்று விட்டுப் போவார்கள். கடும் நிறத்துக்கு அப்பாவின் பழைய சாரங்கள், அதாவது லுங்கிகள். சாரத்தில் உட்காருகிற பகுதி தேய்ந்துபோயிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, நூல் அடர்த்தியாக உள்ள இடத்தை மட்டும் எடுங்கள். கட்டம் போட்ட சாரத்தில் நெய்த கோடே அடிமட்டம். அந்தக் கோட்டைப் பிடித்து வெட்டினால் இழை நேராக வரும், சதுரம் பிறகு இழுபட்டுக் கோணாது.

வொயில் போன்ற மெல்லிய சேலை வழுக்கும், கத்தரிக்கோலுக்குள் அகப்படாது. அதற்கு அம்மா சொல்லித்தந்த வழி சோற்றுக்கஞ்சி. தெளிவாக வடித்த கஞ்சியில் சேலையை முக்கி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே அயன் பெட்டியால் மினுக்கினால் தாள் மாதிரி நிற்கும். அப்புறம் வெட்டுவது சுகம். தைத்து முடிந்து முதல் தரம் கழுவும்போது கஞ்சி போய்விடும்.

முடிந்த சதுரம் 7 அங்குலம் என்றால் வெட்டும் சதுரம் 7½. நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போகும். மாதிரி வெட்டக் கலண்டர் மட்டை வேண்டாம். முப்பது தரம் சோக்கால் சுற்றி வரைந்ததும் ஓரம் தேய்ந்து, கடைசிச் சதுரங்கள் சிறுத்துவிடும். நான் பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். தேயாது, வெளிச்சத்தில் பிடித்தால் அடியிலுள்ள பூவும் கோடும் ஓரளவு தெரியும். எது நடுவில் விழும் என்று பார்த்தே வைக்கலாம்.

சட்டை தைத்துப் பழகிய கை அரை அங்குலம் விட்டுத்தான் தைக்கும். இங்கே கால் அங்குலம், அதுவும் பிசகாத கால் அங்குலம். ஒரு தையலில் நூலளவு கூடினால் என்ன என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். அங்குலத்தில் 16 இல் ஒரு பங்கு கூடப் பிடித்தால், அது இரண்டு துண்டிலும் போகும், ஒரு மூட்டுக்கு 8 இல் ஒரு பங்கு. 9 சதுரத்துக்கு 8 மூட்டு. முழு வரியில் ஒரு அங்குலம் காணாமல் போய்விடும். வரிக்கு வரி இது மாறினால் வரிகளை ஒன்றோடொன்று பொருத்தவே முடியாது. அதனால் மெசின் தட்டில், ஊசி இறங்கும் இடத்திலிருந்து கால் அங்குலம் அளந்து, ஒரு துண்டு பிளாஸ்டரை (ஒட்டுநாடாவை) நேராக ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும். கண் பாதத்தைப் பார்க்கத் தேவையில்லை, பிளாஸ்டரைப் பார்த்தால் போதும். என்னுடையது கால் மெசின். கரண்ட் போனாலும் ஓடும், மெதுவாக மிதித்தால் தையல் நேர்.

தைக்குமுன் 99 ஐயும் நிலத்தில் பரப்பி ஒரு இரவு அப்படியே விடுங்கள். முற்றத்தில் பரப்பாதீர்கள், காற்றும் கோழியும் விடாது. தூர நின்று கண்ணை அரைவாசி மூடிப் பார்த்தால், ஒரே மாதிரியான இரண்டு துண்டு பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது பளிச்சென்று தெரியும். போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பார்ப்பது அதைவிடச் சுலபம். திருப்தி வந்ததும் ஒவ்வொரு வரியையும் அடுக்கி, முதல் துண்டில் வரி எண்ணைத் தாளில் எழுதிக் குத்தி வையுங்கள்.

ஒரு துண்டுக்கு மட்டும் இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் ஒரு கரும்பச்சை வொயில் சேலை இருக்கிறது. 2009 இல் போரில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில், தறப்பாள் கூடாரத்துக்குள் எங்களுக்கு மறைப்பாகக் கட்டியிருந்த சேலை. உடுக்கவும் முடியாது, எறியவும் முடியாது. "வெட்டட்டா அம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, முந்தானைப் பக்கத்தைக் காட்டி "இதிலை எடு" என்றா. இற்றுப்போகும் துணி என்பதால் பின்னால் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி வைத்து இரண்டையும் ஒன்றாக வெட்டினேன். மேலிருந்து மூன்றாம் வரி, நடுச் சதுரம். அம்மா நெஞ்சில் கைவைத்துப் படுப்பா, கை விழுவது அங்கேதான்.

வரிகளைத் தைத்ததும் மினுக்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒற்றை வரிகளில் மூட்டின் பின்னால் நிற்கும் கால் அங்குலத் துணியை இடப்பக்கம் சாய்த்து மினுக்குங்கள், இரட்டை வரிகளில் வலப்பக்கம். இரண்டு வரியை முகத்தோடு முகம் வைத்துப் பொருத்தும்போது, மூட்டும் மூட்டும் எதிரெதிராகச் சாய்ந்து ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே அந்தப் பூட்டு விழுவது தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால், நாலு மூலை சந்திக்கும் புள்ளி விலகாது. என் போர்வையில் 80 புள்ளி. மூன்று விலகியது. இரண்டைப் பிரித்துத் தைத்தேன்.

கரைப்பட்டியை 2 அங்குல அகலத்தில் வெட்டி, முதலில் நீளப் பக்கங்களுக்கும் பிறகு அகலப் பக்கங்களுக்கும் வைத்துத் தையுங்கள். பட்டியின் நீளத்தைப் போர்வையின் நடுவில் அளந்து எடுங்கள், ஓரத்தில் அளக்காதீர்கள். ஓரம் கையில் இழுபட்டு நீண்டிருக்கும்.

உள்ளே என்ன வைப்பது? பஞ்சு விரிப்பு எங்கள் ஊர்ச் சூட்டுக்குத் தேவையில்லை. இலவம்பஞ்சு தலையணைக்கு நல்லது, போர்வைக்குள் வைத்தால் கழுவும்போது கட்டி கட்டியாகத் திரளும். நான் வைத்தது ஒரு பழைய பருத்திப் பெட்சீற். அடித்துணிக்கு ஒரு பருத்திச் சேலை. மேல்துணியைவிட நாலு பக்கமும் 3 அங்குலம் கூட வேண்டும், அதாவது 72 க்கு 86. 5½ மீற்றர் சேலையில் 86 அங்குலத் துண்டு இரண்டு எடுத்து, நீளவாட்டில் மூட்டினால் அகலம் தாராளம். மிஞ்சும் துண்டிலேயே கரைப்பட்டியும் வெட்டிவிடலாம்.

அடித்துணியை நல்லபக்கம் கீழே இருக்கும்படி சீமெந்து நிலத்தில் விரித்து, ஓரங்களைப் பிளாஸ்டரால் ஒட்டுங்கள். இறுக்கி இழுக்க வேண்டாம், சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். மேலே பெட்சீற், அதன் மேல் பொருத்திய துணி. நடுவிலிருந்து வெளியே, வெயிற் கதிர் மாதிரி, நீளமான கைத்தையலால் மூன்றையும் பிடியுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் நடுவில் பை மாதிரி தொங்கும். பிறகு மூன்று அடுக்கும் நகராமல் நிரந்தரமாக நூலோடுவது. மெசினில் ஓடலாம், பாய் சுருட்டுவதுபோல் ஒரு பாதியைச் சுருட்டி மெசினின் கைக்குக் கீழே விட வேண்டும். நான் கையால் ஓடினேன், ஒவ்வொரு மூட்டிலிருந்தும் கால் அங்குலம் தள்ளி. ஒரு முனையில் நான், மறுமுனையில் அம்மா. கண்ணாடி போட்டுக்கொண்டு அவ ஓடிய நூல் என்னுடையதைவிட நெருக்கம். பின்னேரங்களில் மட்டும் இருந்து மூன்று கிழமையில் முடித்தோம்.

வெளியே நீளும் பெட்சீற்றையும் அடித்துணியையும் மேல்துணியின் ஓரத்தோடு வெட்டிவிடுங்கள். அந்த ஓரத்தை மூடித் தைக்கும் பட்டிக்கு மட்டும் பழந்துணி வேண்டாம். போர்வையில் முதலில் கிழிவது ஓரம். புதிதாகக் கடும் நிறப் பருத்தி வாங்கி, 2½ அங்குலப் பட்டிகளாக வெட்டி மூட்டுங்கள். சுற்றளவு 292 அங்குலம், 305 வரை இருந்தால் மூலைக்கும் முடிவுக்கும் காணும். பட்டியை நீளவாட்டில் இரண்டாக மடித்து மினுக்கி, திறந்த ஓரத்தைப் போர்வையின் ஓரத்தோடு வைத்துக் கால் அங்குலத்தில் தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி, நூலை வெட்டுங்கள். பட்டியை நேரே மேல்நோக்கி மடியுங்கள், மூலையில் ஒரு சரிவுக் கோடு விழும். அந்த மடிப்பை விரலால் அழுத்திப் பிடித்தபடி, பட்டியை அடுத்த பக்கத்தின் வழியே கீழே இறக்குங்கள். மேல் மடிப்பு போர்வையின் ஓரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து மறுபடி தையல். நாலு மூலையும் இப்படி முடிந்ததும் பட்டியைப் பின்பக்கம் திருப்பினால், மூலை தானாகவே கடித உறை மாதிரி மடிந்து உட்காரும். பின்பக்கத்தைக் கையால், முன்னுக்கு நூல் தெரியாதபடி தையுங்கள்.

கழுவினால் நனைந்த போர்வை நல்ல பாரம். ஒரு கொடியில் போட்டால் தன் பாரத்திலேயே இழுபடும். இரண்டு கொடியில் பரவலாக, அடித்துணி வெளியே பார்க்க, நிழலில் போடுங்கள். முதற் கழுவலுக்குப் பிறகு மறுபடி அளந்து பார்த்தேன். அகலம் 64½, நீளம் 78. கஞ்சி போய்த் துணி மெத்தென்று வந்திருந்தது. கால்மாட்டில் செருகியபிறகும் அம்மாவின் கழுத்துவரை வருகிறது, வலையும் சுற்றிவர இறுக்கமாக நிற்கிறது.