உறைபனிக்கு முன் நேரோபோட்டில் செய்ய வேண்டியவை

இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் (குறுகலான நீளப் படகு) வைத்திருப்பவர்கள் இந்த வேலையை அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் தண்ணீர். குளிர்காலத்தில் படகில் தங்கப் போவதில்லை என்றால் பம்ப்பை அணைத்து, வெந்நீர்த் தொட்டியை வடித்துவிட்டு, எல்லாக் குழாய்களையும் திறந்தே விடுங்கள், ஏனென்றால் உள்ளே மிஞ்சிய கொஞ்சம் நீர் உறைந்து விரியும்போது அதற்கு இடம் வேண்டும். ஷவர் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குள் தேங்கிய நீரே அதை வெடிக்க வைத்துவிடும்.

அப்புறம் எஞ்சின். குளிர்விப்பு நீரில் ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் தடுக்கும் திரவம்) போதுமான அளவு இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது, காலி இடத்தில் ஈரம் படிந்து அடியில் சேரும் நீரில்தான் டீசலைக் கெடுக்கும் கிருமிகள் வளரும். பேட்டரியில் முழு சார்ஜ் இருக்கட்டும். ஸ்டெர்ன் கிளாண்ட் (புரொப்பல்லர் தண்டு படகைவிட்டு வெளியேறும் இடத்தில் நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு) கிரீஸை இறுக்கி, நீர் சொட்டுவது நின்றதா என்று கவனியுங்கள்.

படகிலேயே வாழ்பவர்களுக்குக் கதகதப்பு தரும் அடுப்புதான் எல்லாம். புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள், அடுப்புக் கதவின் இடுக்கை அடைக்கும் கயிறு நைந்திருந்தால் மாற்றுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது, அடுப்பிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. 2019 முதல் அதற்கான அலாரம் படகுப் பாதுகாப்புச் சோதனையிலேயே கட்டாயம். இருந்தாலும் வாரம் ஒருமுறை பட்டனை அழுத்திப் பாருங்கள்.

கிளம்புவதாக இருந்தால் கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் வெளியிடும் கால்வாய் மூடல் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள், லாக் (படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அமைப்பு) பழுதுபார்ப்பு பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் நடக்கும்.