போர்க்கால விமானியின் சொந்தத் தாள்களைக் காப்பகங்களில் தேடும் முறை

ஒரு விமானியைப் பற்றி அரசு எழுதிவைத்த பதிவுகள் அவருடைய பெயரிலேயே கிடைத்துவிடும். அவர் கைப்பட எழுதிய கடிதமும் நாட்குறிப்பும், ஒவ்வொரு பறப்பையும் குறித்துவைக்கும் பறப்புப் பதிவேடும் பெரும்பாலும் அவற்றைப் பாதுகாத்துவைத்தவரின் பெயரில் கிடக்கும். ஆகவே விமானியைச் சுற்றியிருந்தவர்கள் யார் என்பதைக் கண்டறிவதே இந்தத் தேடலின் முதன்மையான வேலை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பறந்த கல்கத்தாக்காரர் இந்திர லால் ராயை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதற்படி: அடிப்படைத் தகவல்கள்

முழுப்பெயர், பிறந்த நாள், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ராய் 1898 டிசம்பர் 2 அன்று பிறந்தார். லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். 1917இல் பிரிட்டனின் அன்றைய விமானப் பிரிவான ராயல் ஃபிளையிங் கோரில் சேர்ந்தார். 40ஆவது ஸ்குவாட்ரனில் (விமான அணியில்) 1918 ஜூலையில் எதிரி விமானங்களுக்கு எதிராகப் பத்து வான்வெற்றிகளைப் பெற்று, அதே மாதம் 22ஆம் நாள் பிரான்சில் வீழ்ந்தார். இறந்தவரின் கல்லறை விவரம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளத்திலும், விருது விவரம் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டிலும் இலவசமாகக் கிடைக்கும். இந்தியப் பெயர்களை அக்காலத்து எழுத்தர்கள் தம் விருப்பப்படி பிரித்தும் சேர்த்தும் எழுதினார்கள் என்பதால், முதலெழுத்துகளை மட்டும் இட்டும் வீட்டுப் பெயரை இட்டும் தேடிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: அரசுக் கோப்புகள்

ராயல் ஃபிளையிங் கோர் தரைப்படையின் ஓர் அங்கமாக இருந்தது; 1918 ஏப்ரல் 1 அன்றுதான் ராயல் ஏர் ஃபோர்ஸ் தனிப்படையாக உருவானது. இதனால் ஒரே அதிகாரியின் தாள்கள் இரண்டு துறைகளின் கோப்புகளில் சிதறியிருக்கக்கூடும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், விமானப் படை அதிகாரிகளுக்கு ஏ.ஐ.ஆர். (AIR, விமானத் துறைக் கோப்புகளின் குறியீடு) 76 என்ற தொடரையும், தரைப்படை அதிகாரிகளுக்கு டபிள்யூ.ஓ. (WO, போர்த் துறைக் கோப்புகளின் குறியீடு) 339, 374 ஆகிய தொடர்களையும், முதல் உலகப் போரின் வான்சண்டை அறிக்கைகளுக்கு ஏ.ஐ.ஆர். 1 என்ற தொடரையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் எனில், ஸ்குவாட்ரன்களின் நடவடிக்கைப் பதிவேடுகள் ஏ.ஐ.ஆர். 27இலும், சண்டை அறிக்கைகள் ஏ.ஐ.ஆர். 50இலும், உயிரிழப்புக் கோப்புகள் ஏ.ஐ.ஆர். 81இலும் உள்ளன. இந்த உயிரிழப்புக் கோப்புகளைப் பொறுமையாகப் புரட்டுங்கள். மகனைப் பற்றிக் கேட்டுப் பெற்றோர் எழுதிய கடிதங்கள் அலுவலகக் குறிப்புகளுக்கு நடுவே கோக்கப்பட்டிருப்பது உண்டு. ஆஸ்திரேலிய விமானிகளுக்கு அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ705 தொடர் இதே வகையைச் சேர்ந்தது.

இக்கோப்புகளைப் படிக்கும்போது நெருங்கிய உறவினர், வீட்டு முகவரி, மேலதிகாரி, உடன் பறந்தவர்கள் ஆகியோரின் விவரங்களைத் தனியே எழுதிவையுங்கள்.

மூன்றாம் படி: பெயர்ப் பட்டியலோடு தேடுதல்

இனி விமானியின் பெயரோடு அந்தப் பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ராயின் தாய் லலிதா ராய், லண்டனில் பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்தவர்களுள் ஒருவர். மகன் தாய்க்கு எழுதிய கடிதம் ஏதேனும் இன்று மிஞ்சியிருக்குமானால், அது விமானப் படைப் பகுதியில் இல்லாமல், பெண்ணுரிமை இயக்கம் பற்றிய தொகுப்பு ஒன்றிலேயே இருக்கலாம். விமானியோடு ஒரே ஸ்குவாட்ரனில் இருந்தவர்களின் நாட்குறிப்புகளையும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

தேட வேண்டிய இடங்களில் முதன்மையானவை இம்பீரியல் போர் அருங்காட்சியகம், ஹெண்டனில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகம், போர்க்காலத் தனிநபர் தாள்களைக் கொண்ட லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் லிடில் தொகுப்பு ஆகியவை. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலான டிஸ்கவரி, பிரிட்டனின் மற்ற காப்பகங்களில் இருப்பவற்றையும் காட்டும். மாவட்ட ஆவண அலுவலகங்களையும் படித்த பள்ளியின் காப்பகத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள்; என் கணிப்பில், பெரிய நிறுவனங்களைவிட இவற்றில்தான் எதிர்பாராதவை கிடைக்கின்றன.

பறப்புப் பதிவேட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அரசிடம் ஏ.ஐ.ஆர். 4 தொடரில் இருப்பவை மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்துவைத்தவை மட்டுமே. மற்றவை குடும்பங்களிடமோ அருங்காட்சியகங்களிலோ ஏலத்தில் வாங்கியவர்களிடமோ இருக்கலாம்.

நான்காம் படி: காப்பாளருக்கு எழுதுதல்

'குடும்பத் தாள்கள், ஒரு பெட்டி' என்று மட்டும் பட்டியலில் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காப்பாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பெயர், ஸ்குவாட்ரன், ஆண்டு, கோப்பு எண் ஆகிய நான்கையும் குறிப்பிட்டுச் சுருக்கமாகக் கேட்டால், பதில் பயனுள்ளதாக வரும்.

ஐந்தாம் படி: நகலும் உரிமையும்

கிடைத்த தாளின் முழுக் கோப்பு எண்ணை நகலின் மேலேயே எழுதிவையுங்கள். கடிதம் காப்பகத்தின் உடைமையாக இருந்தாலும், அதன் பதிப்புரிமை எழுதியவரின் வாரிசுகளைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் சட்டப்படி, 1969க்கு முன் இறந்தவர் எழுதி இதுவரை அச்சேறாத கடிதத்துக்குப் பதிப்புரிமை பொதுவாக 2039 முடியும்வரை நீடிக்கும். எனவே 1918இல் எழுதிய கடிதமாயினும், அதை முழுமையாக வெளியிடுவதற்கு முன் வாரிசுகளின் அனுமதியைக் கேட்க வேண்டும்.