லினக்ஸில் ஆபீஸ் மென்பொருள்: உங்களிடம் உள்ள மோசமான கோப்பிலிருந்து தொடங்குங்கள்

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு ஆவணங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். சீசனில் தோத்தாபுரி லாரிகள் ராத்திரி முழுக்க வாசலில் நிற்கும். ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடைச் சீட்டு, ஒவ்வொரு பேட்சுக்கும் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு), அமிலத்தன்மை, சூடேற்றிய வெப்பநிலை, டிரம் எண் என்று காகிதம் குவிந்துகொண்டே போகும். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ் மின்ட், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகை. பக்கத்து ஆலைகளில் இருந்தும் ஓசூர் பட்டறைகளில் இருந்தும் என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: வேர்டுக்கும் எக்செல்லுக்கும் பதிலாக எதைப் போடுவது?

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தக் கோப்பை உங்களுக்கு அடுத்து யார் திறக்கப் போகிறார்கள்? வாங்குபவருடைய ஆபீஸா, உங்கள் லைனில் நிற்கும் ஆளா, மூன்று வருஷம் கழித்து வரும் ஆடிட்டரா? பதிலைப் பொறுத்து மென்பொருள் மாறும்.

ஆகவே முதல் வேலையாக, உங்களிடம் இருப்பதிலேயே தொல்லை பிடித்த கோப்புகளை ஒரு பென்டிரைவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்து வாங்குபவர் அனுப்பிய தரப் பட்டியல், கணக்கர் மேக்ரோ எழுதி வைத்த ஷீட், பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதம், படங்கள் நிறைந்த தடிமனான கையேடு. நல்ல பிள்ளையாக இருக்கும் கோப்புகள் எதிலும் திறக்கும். அவற்றை வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டில் எதையும் நிறுவாமலே கம்ப்யூட்டரை அதிலிருந்து தொடங்கலாம். வேர்டு, எக்செல் செய்யும் வேலைகளைச் செய்யும் இலவசத் தொகுப்பான லிப்ரே ஆபீஸ் அதிலேயே வருகிறது. உங்கள் கோப்புகளைத் திறந்து, அச்சிட்டு, பழைய அச்சோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அச்சில் வரிகள் இடம் மாறி, பக்கம் தள்ளிப் போயிருந்தால் உடனே மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். கேலிப்ரி இல்லாத கம்ப்யூட்டரில் வேறொரு எழுத்துரு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கேலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் வகைகள் என்று அதே எழுத்தகலத்தில் செய்த மாற்றுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை நிறுவிவிட்டு மறுபடி அச்சிடுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி தேர்வு. ஆலைக்குள்ளேயே பிறந்து, ஆலைக்குள்ளேயே இருக்கப் போகும் கோப்புகளுக்கு லிப்ரே ஆபீஸ். ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010இல் பிரிந்து வந்த இது, கோப்புகளை ஓடிஎஃப் வடிவத்தில் சேமிக்கிறது. அந்த வடிவம் 2006 முதல் ஐஎஸ்ஓ தரம். அந்த வடிவத்தில் சேமித்த கடிதக் கோப்பு, அதாவது ஓடிடி, உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல் உரை. நாளைக்கு லிப்ரே ஆபீஸே இல்லாமல் போனாலும் பொட்டலத்தைப் பிரித்து எழுதியதை எடுத்துவிடலாம். வருஷக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய பேட்ச் பதிவுகளுக்கு இது எனக்குப் பெரிய நிம்மதி.

வாங்குபவருக்கும் உங்களுக்கும் இடையே போய் வந்துகொண்டே இருக்கும் டாக்எக்ஸ் (வேர்டு) கோப்புகளுக்கு ஒன்லி ஆபீஸ் என்ற இன்னொரு தொகுப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். அது அந்த வடிவத்தையே தன் அடிப்படையாக வைத்து வேலை செய்வதால், சிக்கலான படிவங்கள் பெரும்பாலும் கலையாமல் திரும்பிப் போகும். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம். நீளமாகத் தமிழ் அடிக்க மட்டும் நான் லிப்ரே ஆபீஸில் வேர்டுக்கு ஈடான ரைட்டரை விட்டு வெளியே போவதில்லை. டபிள்யூபிஎஸ் ஆபீஸ் பார்க்க எக்செல் மாதிரியே இருக்கிறது என்று சிலர் போடுகிறார்கள். அதன் மூலநிரல் திறந்தது அல்ல. லினக்ஸுக்கு வருவதே யாரையும் சார்ந்து இருக்கக் கூடாது என்றுதானே, அப்புறம் எதற்கு இன்னொரு பூட்டு?

தமிழுக்கு ரைட்டரில் சில இடங்களைச் சரிசெய்தே ஆகவேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் லினக்ஸில் தமிழ் சரியில்லை என்கிறார்கள். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற கட்டத்தில் டிக் போட்டு, அங்கே தமிழைத் தேர்ந்தெடுங்கள். ரைட்டர் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவும், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு வேறொரு எழுத்துருவும் தனித்தனியாக வைத்திருக்கிறது; அளவும் தனித்தனி. ஆங்கிலம் 11, தமிழ் 12 என்று கிடந்தால் பத்தி ஏறி இறங்கித் தெரியும். ஸ்டைலில், அதாவது பத்திக்கான வடிவமைப்பில், இரண்டையும் ஒருமுறை சரிசெய்தால் போதும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது மீரா இனிமை எடுங்கள். லதா எழுத்துருவில் அடித்த பழைய யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) கோப்புகள் எழுத்துரு மாறினாலும் படிக்கும்படி இருக்கும்.

பாமினி, வானவில் எழுத்துருக் காலத்துக் கோப்புகள் வேறு கதை. அவை யூனிகோடு இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் அலமாரிகள்தான் இன்னும் மாறவில்லை. இப்படிப்பட்ட கோப்புகளை ஒரு எழுத்துரு மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்த பிறகே பழையதைத் தூக்கிப் போடுங்கள். எண்களை இரண்டு முறை பாருங்கள்.

தமிழ்த் தட்டச்சுக்கு லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதோடு விசைப்பலகை முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பு. தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் முறை மூன்றும் அதில் உண்டு. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் தேர்ச்சி பெற்று வந்தவர்களை தமிழ்99க்கு மாறச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவர்கள் கை பழகிய முறையே வேகம்.

எங்கள் மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சேர்ந்துதான் ஓடுகின்றன. பழம் கழுவும் இடத்தில் வேலை செய்யும் ஒருவர், குளோரின் அளவு அட்டையைக் காட்டி, "அக்கா, இத தெலுங்குலயும் போட்டுக் குடுங்க, எங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு அதுதான் படிக்க வரும்" என்றார். நியாயமான கோரிக்கை. ரைட்டரில் தமிழும் தெலுங்கும் ஒரே எழுத்துரு இடத்தைப் பகிர்ந்துகொள்வதால், தெலுங்குக்கு என்று தனிப் பத்தி ஸ்டைல் ஒன்று உருவாக்கி அதற்கு நோட்டோ சான்ஸ் தெலுங்கு கொடுங்கள். அட்டை அடிக்கும்போது பக்கத்தில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு ஷீட்டுகளுக்கு லிப்ரே ஆபீஸில் எக்செல்லுக்கு ஈடான கால்க் போதும். ஆனால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பட்டியலில் ஒன்றைத் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப் சூத்திரம் லிப்ரே ஆபீஸ் 24.8இல்தான் வந்தது. மின்ட் 22இல் முதலில் வருவது 24.2. வாங்குபவர் அந்தச் சூத்திரம் போட்ட ஷீட் அனுப்பினால் பிழை காட்டும். ஃபிளாட்பேக் என்ற, லினக்ஸில் மென்பொருள் நிறுவும் முறை வழியாகப் புதிய பதிப்பை நிறுவினால் சரியாகிவிடும். எக்செல் மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிவைத்த நிரல்கள்) சில ஓடும், சில ஓடாது. ஓடாததை மறுபடி எழுத ஆகும் நாட்களை மாறுவதற்கு முன்பே கணக்கில் வையுங்கள்.

எடைமேடையிலிருந்து வரும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைப் பட்டியல்) கால்க்கில் திறக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வரும். அதை அவசரமாக ஓகே கொடுத்துத் தாண்டாதீர்கள். லாட் எண் நெடுவரிசையைச் சொடுக்கி டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் 0047 என்பது 47 ஆகிவிடும். தேதி நெடுவரிசைக்கு நாள், மாதம், வருஷம் என்ற வரிசையைத் தேர்ந்தெடுங்கள். மே 6 ஜூன் 5 ஆகிவிட்டால் எந்தப் பழம் எந்த டிரம்மில் போனது என்று பின்னோக்கித் தேடவே முடியாது. பிரிக்ஸ் நெடுவரிசைக்கு டேட்டா மெனுவில் வேலிடிட்டி போட்டு எல்லை வையுங்கள். 14.2 அடிக்க வேண்டிய இடத்தில் 142 அடித்தால் கால்க்கே தடுத்துவிடும்.

கணக்கு மென்பொருளான டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதற்கு ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரை விட்டுவையுங்கள். அதை மறைத்துவிட்டு லினக்ஸைப் பரிந்துரைப்பது நேர்மை இல்லை.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி: செயல்முறை ஆவணங்கள். பாய்லரை எப்படித் தொடங்குவது, வடிகட்டியை எப்போது மாற்றுவது, டேங்கை எந்த வரிசையில் கழுவுவது. பெரும்பாலான இடங்களில் இவை "புதியது", "புதியது 2", "ஃபைனல்" என்று பெயர் வைத்த வேர்டு கோப்புகளாக நாலு கம்ப்யூட்டர்களில் சிதறிக் கிடக்கின்றன. எது நடப்பில் இருப்பது என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குப் புதிதாக வந்தவர் பழையதைப் பார்த்து அமிலத்தைக் கலந்தால் கையைச் சுட்டுக்கொள்வார்.

இதற்கு நான் சொல்வது டோக்குவிக்கி, பலரும் பிரவுசரிலேயே படித்துத் திருத்தும் பக்கங்களை வைக்கும் மென்பொருள். டேட்டாபேஸ் தேவையில்லை, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பிஎச்பி (டோக்குவிக்கி எழுதப்பட்ட நிரல்மொழி) ஓடும் வெப்சர்வர் வைத்தால், ஆலைக்குள் இருக்கும் எல்லாரும் பிரவுசரில் படிக்கலாம், இணைய இணைப்பு இல்லாமலே. யார், எந்த நாள், எந்த வரியை மாற்றினார்கள் என்பதைப் பழைய பதிப்புகளோடு ஒப்பிட்டுக் காட்டும். பயனர் கணக்குகளைப் பிரித்து, சூப்பர்வைசர்களுக்குப் படிக்கும் உரிமையும் பொறுப்பாளருக்குத் திருத்தும் உரிமையும் கொடுங்கள். அதன் டேட்டா, கான்ஃப் என்ற இரண்டு ஃபோல்டர்களையும் நகல் எடுத்தாலே பேக்கப் ஆயிற்று. ஒருவர் மட்டும் குறிப்பு வைத்துக்கொள்ள என்றால் ஜிம் என்ற குறிப்பேட்டு மென்பொருள் போதும். அதுவும் உரைக் கோப்புதான், சர்வர் வேண்டாம்.

மார்க்டவுன் (எளிய குறிகளோடு உரை எழுதும் முறை), பான்டாக் (வடிவம் மாற்றும் கருவி), கிட் (பழைய பதிப்புகளைக் காக்கும் கருவி) எல்லாம் அருமையானவை. கட்டளை வரியில் பழகிய ஒருவர் உங்கள் ஆபீஸில் நிரந்தரமாக இருந்தால் தாராளமாகப் போங்கள். ஒரே எழுத்திலிருந்து பான்டாக் டாக்எக்ஸ், ஓடிடி, வலைப்பக்கம் எல்லாம் செய்து கொடுக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் எடுத்து நடத்த இன்னொருவர் இல்லை என்றால் வேண்டாம். ஆய்வுக் கட்டுரைகள் அச்சுக்கோக்கும் லாடெக் கூழ் ஆலைக்குத் தேவைப்படாது.

கையெழுத்தாகி ஒப்புதல் பெற்ற ஆவணத்தை மட்டும் பிடிஎஃப் ஆக்குங்கள். ரைட்டரின் ஏற்றுமதிப் பெட்டியில் ஆர்க்கைவல் என்ற தேர்வு உண்டு. அது பிடிஎஃப்/ஏ, எழுத்துருக்களை உள்ளேயே பொதிந்துவைக்கும் வடிவம். பகுப்பாய்வுச் சான்றிதழ்களை நான் இப்படித்தான் சேமிக்கிறேன். இன்னும் மாறக்கூடிய கடிதத்தை பிடிஎஃப்பாக அனுப்பியே ஆகவேண்டும் என்றால் ஹைப்ரிட் பிடிஎஃப் செய்யுங்கள்: படிப்பவருக்கு அது பிடிஎஃப், லிப்ரே ஆபீஸில் திறந்தால் திருத்தக்கூடிய மூலம். அச்சடித்த பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட்டில் தமிழ்த் தரவோடு ஓட்டினால் தேடக்கூடிய எழுத்தாகும். கையெழுத்துப் பதிவேட்டை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மின்தடை வரும் ஊர் நம்முடையது. ஆப்ஷன்ஸில் தானாகச் சேமிக்கும் இடைவெளி வழக்கமாக 10 நிமிடம் என்றிருக்கும், 3 ஆக்குங்கள். பக்கத்திலேயே ஒவ்வொரு முறையும் பேக்கப் நகல் வை என்ற கட்டமும் இருக்கும், அதிலும் டிக் போடுங்கள்.

மாற்றத்தை ஏப்ரலில் தொடங்க வேண்டாம். கடைசி டிரம் கிளம்பி, இயந்திரங்களைக் கழற்றி வைத்த பிறகு ஒரு பிரிவை மட்டும், முதலில் ஆய்வகத்தை, மாற்றுங்கள். அங்கே உள்ளவர்கள் உதவி கேட்காமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டால் அடுத்து ஸ்டோர், அதற்கடுத்து அலுவலகம். கணக்குப் பிரிவைக் கடைசியில் வையுங்கள்.